கேஸ்கேடியா: ஒரே மொழி பேசுகிறவர்களுக்குத் தனி நாடு எதற்கு?

சியாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெல்வியூவுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீலம், வெள்ளை, பச்சை என்று மூன்று பட்டையும் நடுவில் ஒரு மரமும் போட்ட ஸ்டிக்கரைப் பல கார்களின் பின்னால் பார்க்கிறீர்கள். ஏழாவது படிக்கும் மகன் அதே ஸ்டிக்கரை நம் காரிலும் ஒட்டலாம் என்கிறான். அலுவலகத்தில் விசாரித்தால், "அது கேஸ்கேடியா என்ற தனி நாட்டின் கொடி" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இது நிஜமான பிரிவினை இயக்கமா, நடக்கக்கூடியதா, ஒட்டினால் விசாவுக்கு வம்பு வருமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "ஒரே மொழி பேசி, ஒரே சாப்பாடு சாப்பிடுகிற ஜனங்களுக்குத் தனி நாடு எதற்கு?" என்று போகிற போக்கில் எழுதியிருப்பதுதான் உங்களை உறுத்துகிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் புவியியல் படித்தவன். வாஷிங்டன் மாநிலத்தில் ஆறு, அணை, மீன் சம்பந்தப்பட்ட வேலையில் பத்தொன்பது வருஷம் போய்விட்டது. கேஸ்கேட் மலைக்கு மேற்கே வீடு, கிழக்கே வேலை. மாதத்துக்கு நாலைந்து தடவை கணவாயைத் தாண்டிப் போய் வருகிறவன். ஆற்றையும் நிலத்தையும் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தைப் பற்றிச் சொல்வது, தீர்ப்புகளைப் படித்த அளவில் எனக்குப் புரிந்தது. ஜனங்களின் மனசைப் பற்றிச் சொல்வது முழுக்க என் கணிப்பு.

கேஸ்கேடியா என்று பொதுவாகச் சொல்வது அமெரிக்காவின் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களையும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தையும் சேர்த்துத்தான். 2020, 2021 மக்கள்தொகைக் கணக்குகளைக் கூட்டினால் ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் பேர். இன்னும் அகலமாக வரைகிறவர்கள் ஐடஹோவையும், வட கலிபோர்னியாவின் ஒரு பகுதியையும், அலாஸ்காவின் தென்கிழக்கு வாலையும் சேர்த்துக்கொள்வார்கள். பெயர் கேஸ்கேட் மலைத்தொடரிலிருந்து வந்தது. அந்த மலைத்தொடருக்குப் பெயர் வந்தது கொலம்பியா ஆறு மலையை அறுத்துக்கொண்டு பாய்ந்த இடத்தில் இருந்த நீர்ச்சரிவுகளால். அந்தச் சரிவுகள் இன்று பொன்வில் அணையின் தேக்கத்துக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. நிலவியல்காரர்கள்தான் இந்தப் பெயரை முதலில் ஒரு வட்டாரத்துக்கு வைத்தார்கள். பிறகு சியாட்டில் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் சொல்லிக்கொடுத்த டேவிட் மெக்கிளாஸ்கி அதை மக்களின் வாழ்விடத்துக்கான பெயராக எடுத்து வரைபடம் போட்டார். அவர் வரைபடத்தில் மாநில எல்லைகள் முக்கியமில்லை. மழைத்துளி எந்த ஆற்றில் போய்ச் சேர்கிறதோ அதுதான் எல்லை.

நமக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமே இல்லை. நம்மிடம் திணை என்ற சொல் இருக்கிறது. நிலம், பொழுது, அந்த நிலத்து மரம், விலங்கு, தொழில், தெய்வம், அங்கே இருப்பவர்களின் மனநிலை எல்லாம் ஒரே கட்டாக வருகிற எண்ணம் அது. இங்கே அந்தச் சொல் இல்லாததால் ஆங்கிலத்தில் 'உயிர்ச்சூழல் வட்டாரம்' என்கிற மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். கொடியில் இருப்பதும் அதுவே. நீலம் வானமும் கடலும், வெள்ளை பனியும் மேகமும், பச்சை காடு. நடுவில் நிற்பது டக்ளஸ் ஃபிர் மரம். 1990களின் நடுவில் போர்ட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் பாரெடிச் என்பவர் கிழக்கு ஐரோப்பாவில் படித்துக்கொண்டிருந்தபோது ஊர் ஏக்கத்தில் வரைந்தது. மொழியும் இனமும் பிரித்துக்காட்டாத இடத்தில் நிலம் பிரித்துக்காட்டுகிறது என்பதுதான் இவர்களின் வாதம். உங்கள் கடைசி வரிக்கு முதல் பதில் இது.

இந்த வாதத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று கேட்டால், நிறையவே இருக்கிறது என்பேன். கொலம்பியா ஆறு பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சிறு ஏரியில் பிறந்து, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் ஓடி, ஓரிகனுக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே கடலில் விழுகிறது. அதில் ஏறி வந்த சால்மன் மீன் எந்த நாட்டுக் குடிமகன் என்று யாரும் கேட்டதில்லை. கடலில் சில வருஷம் வளர்ந்து, தான் பொரிந்த ஓடையின் வாசனையைப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எதிர்நீச்சலில் வந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். அதன் உடல் கரடிக்கும் கழுகுக்கும் போய், மிச்சம் கரையோர மரங்களுக்கு உரமாகிறது. கடலில் இருந்து வந்த நைட்ரஜனை அந்த மரங்களில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். வெள்ளையர்கள் வருவதற்கு முன்னால் கொலம்பியா ஆற்றில் வருஷத்துக்கு ஒரு கோடியிலிருந்து ஒன்றரைக் கோடிக்கு மேல் வரை சால்மன் ஏறியிருக்கும் என்பது ஒரு மதிப்பீடு. எண்ணில் கருத்து வேறுபாடு உண்டு. இன்று வருவது அதில் ஒரு சிறு பங்கு என்பதில் வேறுபாடு கிடையாது.

பொன்வில் அணையில் மீன்கள் ஏற ஒரு படிக்கட்டு மாதிரி தொட்டி தொட்டியாகக் கட்டியிருக்கிறார்கள். அதன் ஓரத்தில் கண்ணாடி ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து, கடந்து போகும் மீன்களை இனம் பிரித்து, பொத்தானை அழுத்தி எண்ணிக்கொண்டே இருப்பார். 1938இல் அணை திறந்ததிலிருந்து இந்த எண்ணிக்கை நடக்கிறது. முதன்முதலாக நான் அங்கே நின்ற நாளில், எண்ணுகிற வேலை பார்த்த அம்மாவிடம் சலிப்பாக இருக்காதா என்று கேட்டேன். கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமலே, "இது வருகிறவரைக்கும்தான் நாங்கள் இங்கே இருக்கலாம்" என்றார். அவருக்கு அரசியல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கேஸ்கேடியா என்று ஜனங்கள் சொல்லும்போது எதைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

இன்னொரு உண்மை தரைக்கு அடியில் இருக்கிறது. வட கலிபோர்னியாவிலிருந்து வான்கூவர் தீவு வரைக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளமான பிளவு ஒன்று கடலுக்கடியில் கரையோடு ஓடுகிறது. ஹுவான் டி ஃபூக்கா புவித்தட்டு அங்கே அமெரிக்கக் கண்டத்துக்கு அடியில் சொருகிக்கொண்டிருக்கிறது. அதற்கும் கேஸ்கேடியா என்றே பெயர். 2004 டிசம்பர் 26இல் சுமத்ராவில் உடைந்து நாகப்பட்டினம் வரை வந்து நம்மை அழித்ததும் இதே வகைப் பிளவுதான். இங்கே கடைசியாக உடைந்தது 1700 ஜனவரி 26, இரவு 9 மணி வாக்கில். எழுதிவைக்க ஆளே இல்லாத கரையில் மணிக்கணக்காக எப்படிச் சொல்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். வாஷிங்டன் கரையில் கோபாலிஸ் ஆற்றோரம் செத்துச் சாம்பல் நிறமாகிப்போன தேவதாரு மரங்கள் சேற்றில் இன்றும் நிற்கின்றன. நிலம் சட்டென்று தாழ்ந்து உப்புநீர் வேருக்கு வந்ததால் செத்தவை. அவற்றின் வளையங்களை எண்ணியதில் 1699-1700 குளிர்காலம் என்று வந்தது. ஜப்பானில் அதே ஜனவரியில், நிலம் நடுங்காமலே கடல் ஊருக்குள் வந்ததாகக் குறிப்புகள் இருந்தன. இரண்டையும் சேர்த்து 1990களில் ஆராய்ச்சியாளர்கள் நேரத்தைக் கணக்கிட்டார்கள். வான்கூவர் தீவின் பச்சீனா விரிகுடாவில் இருந்த ஒரு ஊர் ராத்திரியில் ஆடி, கடலோடு போய்விட்டது என்பதை ஹூ-ஏ-அட் மக்கள் அதற்கு முன்பே, தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அடுத்தது எப்போது என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. வரும்போது விக்டோரியா, சியாட்டில், போர்ட்லாந்து மூன்றும் ஒன்றாக ஆடும். ஆபத்து ஒன்றாக இருப்பதும் ஒரு ஊர் உணர்வைத் தரும். (உங்கள் வீட்டில் இரண்டு வாரத்துக்கான தண்ணீரும் சாப்பாடும் எடுத்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஸ்டிக்கருக்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.)

தனி நாடு என்ற கனவு ஸ்டிக்கருக்கும் கொடிக்கும் மிக முந்தியது. அதை முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன். 1811இல் கொலம்பியாவின் முகத்துவாரத்தில் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் என்ற தோல் வியாபாரியின் ஆட்கள் அஸ்டோரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். அதைப் பாராட்டி 1813இல் ஜெஃபர்சன் அவருக்கு எழுதிய கடிதத்தில், கண்டத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய, சுதந்திரமான அரசு முளைக்க அது விதை என்ற பொருளில் சொல்கிறார். அன்றைய பயண நேரத்தை நினைத்துப் பாருங்கள்: கிழக்குக் கரையிலிருந்து இங்கே வர மாதக்கணக்கு. தலைநகரிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருப்பதை ஆள முடியாது, ஆனால் உறவோடு இருக்கலாம் என்று அவர் நினைத்திருக்கிறார். 1818இல் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்த நிலத்தை இருவரும் பயன்படுத்திக்கொள்வதென்று ஒப்பந்தம் போட்டன. 1846இல் 49ஆம் அட்சரேகையில் கோடு கிழித்தார்கள். ரயிலும் தந்தியும் வந்த பிறகு தூரம் என்ற காரணம் கரைந்துபோனது. பிரிட்டிஷ் கொலம்பியா 1871இல் கனடாவில் சேர்ந்ததே ரயில் பாதை போட்டுத் தருகிறோம் என்ற வாக்குறுதியின் பேரில்தான்.

அந்த 49ஆம் கோட்டைக் கிழித்தபோது, அங்கே ஏற்கெனவே இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. கேஸ்கேடியாவைப் பற்றிப் பேசுகிற பலர், வெறும் நிலத்தின்மேல் தாங்கள் முதன்முதலாக ஒரு உணர்வை வளர்த்த மாதிரி பேசுகிறார்கள். இந்தக் கரை முழுக்கப் பல மொழிக்காரர்கள் ஒருவரோடொருவர் வியாபாரம் பண்ண சினூக் வாவா என்ற பொதுப் பேச்சு ஒன்று இருந்தது. அதில் 'இல்லஹி' என்றால் நிலம், நாடு. 'ஸ்கூக்கும்' என்றால் பலமான. இன்றும் இந்தப் பகுதியில் ஊர்ப் பெயர்களிலும் படகுப் பெயர்களிலும் அந்தச் சொற்களைப் பார்ப்பீர்கள். ஓரிகனில் கிராண்ட் ரோண்ட் பழங்குடிக் கூட்டமைப்பு அதைக் குழந்தைகளுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறது. ஆக, இந்த வட்டாரத்துக்கு ஒரு மொழி இருந்தது. பேசியவர்களைத் துரத்திவிட்டு, மொழியில்லாத தேசியம் என்று பேசுகிறோம். 1940 ஜூனில், கொலம்பியா ஆற்றில் கட்டிய கிராண்ட் கூலி அணையின் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது, கெட்டில் அருவியில் பழங்குடியினர் பல ஊர்களிலிருந்து வந்து கூடி மூன்று நாள் அழுது விடைகொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் மீன் பிடித்த இடம் அது. அந்த அணையில் மீனுக்குப் படிக்கட்டு வைக்கவே இல்லை. அதற்கு மேலே, கனடா வரைக்கும் சால்மன் வரத்து அதோடு நின்றது. அந்த அணையின் மின்சாரத்தில்தான் இந்த ஊர்கள் வளர்ந்தன. என் சம்பளத்தின் ஒரு பகுதியும் அதிலிருந்துதான் வருகிறது.

இதே நிலத்தின் மேல் இன்னொரு கனவும் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். 1844இல் ஓரிகனின் தற்காலிக அரசு அடிமைமுறையைத் தடைசெய்தது. அதே சட்டத்தில் கறுப்பர்கள் இங்கே வசிக்கவே கூடாது, மீறினால் கசையடி என்றும் எழுதியது. 1857இல் எழுதிய மாநில அரசியலமைப்பிலும் கறுப்பர் குடியேறத் தடை இருந்தது. அதை நீக்கியது 1926இல். நிறவெறி வாசகங்களின் எச்சத்தை நீக்க வாக்கெடுப்பு நடந்தது 2002இல். ஜார்ஜ் வாஷிங்டன் புஷ் என்ற கறுப்பர், வண்டி கட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தவர், அந்தச் சட்டத்தால் தெற்கே தங்க முடியாமல் கொலம்பியாவுக்கு வடக்கே போய், இன்றைய ஒலிம்பியாவுக்குப் பக்கத்தில் குடியேறினார். அவர் பேரில் அந்த நிலம் இன்றும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆரியன் நேஷன்ஸ் முதலான நிறவெறிக் குழுக்கள், வடமேற்கை வெள்ளையருக்கு மட்டுமான நாடாக்க வேண்டும் என்று ஐடஹோவில் முகாம் போட்டார்கள். 2000இல் அந்த ஊர் ஜூரிகளே 63 லட்சம் டாலர் இழப்பீடு கட்டச் சொல்லி அந்தக் குழுவைத் திவாலாக்கினார்கள். இப்போது உங்கள் ஸ்டிக்கருக்கு வருகிறேன்: அந்த வகைக் குழு ஒன்றும் நீலம், வெள்ளை, பச்சை என்று மூன்று பட்டைக் கொடியைத்தான் பயன்படுத்தியது. அதில் மரம் கிடையாது. மரம் போட்ட கொடியை வரைந்தவரும் அதைத் தூக்கிப் பிடிக்கிறவர்களும் அவர்களுக்கு நேர் எதிர்ப்பக்கம். வாங்கும்போது மரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி நடக்குமா என்ற கேள்வி. என் கருத்தில் கேஸ்கேடியாவின் பெரிய தடை வாஷிங்டன் டி.சி.யிலோ ஒட்டாவாவிலோ இல்லை. அதற்குப் பெயர் கொடுத்த மலையே அதைப் பிளந்து வைத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டும், இந்தப் பக்கம் கோவில்பட்டி காயும் இல்லையா, இங்கே அதை இன்னும் பத்து மடங்கு கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். ஒலிம்பிக் தீபகற்பத்தின் ஹோ காட்டில் வருஷத்துக்கு ஏறக்குறைய 3,500 மில்லிமீட்டர் மழை. சியாட்டிலில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்னோக்வால்மி கணவாயைத் தாண்டி இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி யாகிமாவுக்குப் போனால் 200தான். சேஜ் புதரும் தூசியும். வாய்க்கால் தண்ணீர் தொட்ட இடத்தில் ஆப்பிளும் ஹாப்ஸும், தொடாத இடத்தில் பொட்டல். நம் பள்ளிப் புத்தகத்தில் மழை மறைவுப் பகுதி என்று படித்ததை ஒரே காலையில் கண்ணால் பார்க்கலாம்.

நிலம் மாறினால் மனசும் மாறும் என்று இவர்களே சொல்கிறார்கள் அல்லவா, அப்படியே மாறுகிறது. கிழக்கே கோதுமை விளைவிக்கும் ஒரு விவசாயி வீட்டில் ஒருமுறை மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். நீர் உரிமை பற்றிய ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். சமையல்மேடையில் அவர் பேத்தி ஒட்டிவைத்த இதே மரக்கொடி இருந்தது. அதைப் பார்த்து நான் கேட்டேன். அவர் வெளியே ஜன்னலைக் காட்டினார். எட்டுகிற தூரம் வரைக்கும் ஒரு மரம் இல்லை. "இதில் என் ஊர் எங்கே இருக்கிறது?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. பச்சையும் மழையும் ஃபிர் மரமும்தான் கேஸ்கேடியா என்றால் அது மலைக்கு மேற்கே நூறு மைல் அகலமுள்ள ஒரு பட்டை. ஆற்று வடிநிலம்தான் எல்லை என்றால் கிழக்குக்காரர்களைச் சேர்த்தே ஆக வேண்டும்; அவர்களோ சியாட்டிலிடமிருந்தும் போர்ட்லாந்திடமிருந்தும் விலகினால் போதும் என்று இருக்கிறார்கள். ஓரிகனின் கிழக்கில் 2024க்குள் 13 மாவட்டங்கள் ஐடஹோவோடு சேரும் யோசனைக்குச் சாதகமாக வாக்களித்துவிட்டன. சட்டப்படி அது எதையும் மாற்றாது. மாற்ற இரண்டு மாநிலச் சட்டமன்றங்களும் அமெரிக்க நாடாளுமன்றமும் சம்மதிக்க வேண்டும். ஆனால் மனசு எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டது.

இந்த மாதிரி உள்ளூர் மனத்தாங்கல் புதிதும் இல்லை. 1941இல் வட கலிபோர்னியாவும் தென் ஓரிகனும் சேர்ந்து ஜெஃபர்சன் என்று ஒரு தனி மாநிலம் கேட்டன. தனி நாடு கூட இல்லை, தனி மாநிலம். காரணம் சாலை. காட்டுக்குள் இருக்கும் தாமிரத்தையும் மரத்தையும் வெளியே கொண்டுவர நல்ல சாலை போடுங்கள் என்று இரண்டு தலைநகரங்களையும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். நவம்பர் 27ஆம் தேதி ஒய்ரிக்கா ஊருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை 99ஐ மறித்து, வேட்டைத் துப்பாக்கியோடு நின்று, வருகிற கார்களுக்கெல்லாம் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். இனி ஒவ்வொரு வியாழக்கிழமையும் பிரிந்துபோவோம் என்று அதில் இருந்தது. தங்கம் அலசுகிற தட்டில் இரண்டு பெருக்கல் குறி போட்டுச் சின்னம் வைத்தார்கள். இரண்டு தலைநகரங்களும் ஏமாற்றின என்று அர்த்தம். தலைவராக இருந்த போர்ட் ஆர்ஃபோர்டு மேயர் கில்பர்ட் கேபிள் டிசம்பர் 2ஆம் தேதி இறந்துபோனார். 4ஆம் தேதி ஜான் சைல்ட்ஸ் என்பவரைக் கவர்னராக்கி ஊர்வலம் விட்டார்கள். 7ஆம் தேதி பேர்ல் ஹார்பர்மேல் ஜப்பானின் தாக்குதல். அடுத்த நாளே எல்லாவற்றையும் மூட்டைகட்டி வைத்துவிட்டார்கள். போருக்குத் தாமிரமும் மரமும் தேவைப்பட்டதால் காட்டுக்குள் சாலை வந்தது. தங்களைக் கேட்காத தலைநகரத்தின்மேல் உள்ள கோபம்தான் இந்தக் கரையில் ஒவ்வொரு தனிக் கொடிக்கும் கீழே இருக்கிறது என்று எனக்கு அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கப் பக்கத்தில் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. 1869இல் டெக்சஸ் எதிர் ஒயிட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒன்றியத்தில் சேர்ந்த மாநிலம் தன்னிஷ்டத்துக்கு வெளியேற முடியாது, புரட்சியாலோ மற்ற மாநிலங்களின் சம்மதத்தாலோ மட்டுமே முடியும் என்று சொல்லிவிட்டது. கனடாவில் அப்படி இல்லை. 1998இல் கியூபெக் மாகாணம் பிரிவது பற்றிய விஷயத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒருதலையாக வெளியேற உரிமை இல்லை, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும் என்றது. அதையொட்டி 2000இல் சட்டமும் வந்தது. ஆக மூன்றில் ஒரு பகுதிக்கு வழி உண்டு, மற்ற இரண்டுக்கு இல்லை. 2016 தேர்தலுக்குப் பிறகு ஓரிகனில் பிரிவினை மனு ஒன்றைத் தாக்கல் செய்தவர்கள் சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சியாட்டிலிலோ விக்டோரியாவிலோ இதற்காக ஒரு சட்டமன்ற இடத்தை வென்ற கட்சி கிடையாது. அரசியல் இயக்கம் என்ற பொருளில் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: மிகச் சிறியது.

அட்சரேகைக் கோடும் மலையைப் போலவே உறுதியாகிவிட்டது. எல்லை ஊரான பிளேனில் இருக்கும் பீஸ் ஆர்ச் வளைவைப் போய்ப் பாருங்கள், உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள்தான். 1921இல் கட்டியது. அமெரிக்கப் பக்கம் 'ஒரு பொதுத் தாயின் பிள்ளைகள்' என்றும், கனடாப் பக்கம் 'ஒற்றுமையாய்ச் சேர்ந்து வாழும் சகோதரர்கள்' என்றும் செதுக்கியிருக்கும். கொரோனாவில் எல்லையை மூடியபோது அந்தப் பூங்காவில்தான் பிரிந்த குடும்பங்கள் சந்தித்துக்கொண்டன. புல்தரையில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்தேன். அப்போது கேஸ்கேடியா உணர்வு வலுக்கும் என்று நினைத்தேன். 2025 தொடக்கத்தில் கனடாவை அமெரிக்காவின் 51ஆவது மாநிலமாக்கும் பேச்சும் வரிச் சண்டையும் வந்தபோது நேர்மாறாக நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா அரசு மதுக்கடைகளிலிருந்து அமெரிக்கச் சரக்கை எடுத்துவிட்டது. எல்லை தாண்டி வாரக்கடைசிக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வான்கூவரில் என்னோடு பல வருஷம் வேலை செய்த நண்பர் ஒருவர், மேசையில் இருந்த மரக்கொடியை எடுத்துவிட்டு மேப்பிள் இலையை வைத்தார். கொலம்பியா ஆற்றின் நீரையும் மின்சாரத்தையும் பங்கிடும் ஒப்பந்தம் 1961இல் கையெழுத்தாகி 1964இல் நடைமுறைக்கு வந்தது. அதைப் புதுப்பிக்க 2024இல் இரு நாடுகளும் கொள்கையளவில் ஒத்துக்கொண்டன. 2025 மார்ச்சில் அமெரிக்கத் தரப்பு அந்தப் பேச்சை நிறுத்தி வைத்தது. ஆறு ஒன்றுதான். அதன் மதகைத் திறக்கவும் மூடவும் முடிவெடுக்கிற தலைநகரங்கள் இரண்டும் கண்டத்தின் மறுபக்கத்தில் இருக்கின்றன.

அதனால்தான் இந்தக் கனவு சாகவும் மாட்டேன் என்கிறது. நாடு ஆகாமலே நாடு மாதிரி சில காரியங்கள் நடக்கின்றன. 2020 ஏப்ரலில் கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மூன்றும் கொரோனா கட்டுப்பாடுகளை ஒன்றாகத் தளர்த்த உடன்பாடு செய்துகொண்டன. 2025இல் தடுப்பூசிப் பரிந்துரைகளுக்கு ஹவாயையும் சேர்த்து ஒரு கூட்டணி அமைத்தார்கள். இரண்டு நாட்டுக்கும் பொதுவான உள்கடலுக்கு 'சாலிஷ் கடல்' என்று பழங்குடிகளின் பெயரை 2009-10இல் இரு நாடுகளும் அதிகாரபூர்வமாக ஏற்றன. கால்பந்தில் சியாட்டில், போர்ட்லாந்து, வான்கூவர் மூன்று அணிகளுக்கும் இடையே கேஸ்கேடியா கோப்பை நடக்கிறது. 2004இல் ரசிகர்கள் தங்கள் கைக்காசு போட்டு உருவாக்கியது. லீக் நிர்வாகம் அந்தப் பெயரைத் தன் வணிகக்குறியாகப் பதிவுசெய்யப் பார்த்தபோது, ஜென்மப் பகைவர்களான மூன்று ஊர் ரசிகர்களும் ஒன்றுசேர்ந்து எதிர்த்து, 2013இல் பெயரைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். மரக்கொடியை இத்தனை பேர் கையில் கொண்டு சேர்த்தது அரசியல் கூட்டங்களைவிட இந்த விளையாட்டு அரங்குதான் என்பது என் எண்ணம். உங்கள் மகனும் அங்கிருந்துதான் பிடித்திருப்பான்.

ஸ்டிக்கரை ஒட்டலாமா என்றால், என் காரில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது. கடைகளில் வெளிப்படையாக விற்கிற பொருள். இங்கே பெரும்பாலானவர்களுக்கு 'நான் இந்த ஊர்க்காரன்' என்பதைத் தாண்டி அதில் அர்த்தம் இல்லை. ஆனால் நான் குடியேற்ற வழக்கறிஞர் இல்லை. நான் ஒட்டியபோது இருந்த காலம் வேறு, இப்போது விசாக்காரர்களின் சின்ன விஷயங்களையும் பார்க்கிறார்கள். கிரீன் கார்டு விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

அதுவரைக்கும் மகனை அக்டோபர் முதல் வாரத்தில் இசக்குவாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். ஊர் நடுவில் மீன் பொரிப்பகம் இருக்கிறது, உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஓடைப் பாலத்தின் மேல் நின்று குனிந்து பார்த்தால், முதுகு வெளியே தெரிகிற அளவு ஆழத்தில், கடலிலிருந்து வந்த சினூக் சால்மன்கள் துடுப்பெல்லாம் கிழிந்து வெள்ளையாகி எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருக்கும். காலை ஒன்பது மணிக்குள் போனால் கூட்டம் இருக்காது. மழைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.